கேமில் துன்பியல் நாயகனை உருவாக்குவது: ராமநாதபுரம் கடற்கரையை வைத்துச் சில கேள்விகள், பதில்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் கதை நடக்கிற கேம் ஒன்றை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செய்ய நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கோடாட், யூனிட்டி என்று எந்த இன்ஜினில் (கேம் உருவாக்கும் மென்பொருளில்) செய்தாலும் பொருந்தும். பதில்கள் முழுக்க ஒரே உதாரணம்தான் ஓடும்: 1950-களில் கீழக்கரையைச் சேர்ந்த ஒரு குளியாள். கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்கி முத்துச்சிப்பியும் சங்கும் எடுக்கிறவர். படகில் அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பவர் அவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். ஆட்களும் கதையும் கற்பனை. பழைய கேம்கள் சிலவற்றின் முடிவுகளும் இடையில் வெளிப்படும், விளையாடாதவர்கள் பார்த்துப் படிக்கவும்.

நாயகன் கடைசியில் செத்துவிட்டால் அது துன்பியல்தானே?

இல்லை. ரோட்டில் போகிறவன் மேல் லாரி ஏறினால் 'பாவம்' என்கிறோம். பந்தயம் கட்டிப் பந்தயம் கட்டி வீட்டையே இழந்தவனைப் பார்த்தால் 'அன்னைக்கே விட்டிருக்கலாமே' என்கிறோம். இந்த இரண்டாவது வார்த்தை ஆடுகிறவர் வாயில் வந்தால்தான் துன்பியல். நாயகன் செய்த ஏதோ ஒன்று முடிவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கேமில் இன்னொரு படியும் உண்டு: அந்த ஏதோ ஒன்றை ஆடுகிறவரின் விரல் செய்திருக்க வேண்டும். நாடகத்தில் கோவலன் சிலம்பை விற்கப் போவதைத் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். கேமில் சிலம்பைக் கையில் எடுத்து மதுரைக்கு நடப்பது நாம்.

அப்படியானால் நாயகனுக்கு ஒரு கெட்ட குணம் வைத்தால் போதுமா?

கெட்ட குணம் வைத்தால் ஆடுகிறவர் அவனை விட்டு விலகிவிடுவார். அவனை வாழவைக்கிற குணமே அவனைக் கவிழ்க்க வேண்டும். கர்ணனுக்குக் கொடை எப்படியோ அப்படி. கர்ணனை வைத்து ஒரு கேம் செய்தால், கவசத்தை அறுத்துக் கொடுக்கும் காட்சியை வீடியோவாக ஓட்டிவிடக் கூடாது. கேமின் முதல் பாதி முழுக்கக் கேட்டவருக்குக் கொடுத்தால் லாபம் என்று பழக்கியிருக்க வேண்டும். பிறகு கவசம் கேட்டு ஒருவர் வரும்போதும் அதே பொத்தான்தான். அதன்பின் கவசத்துக்கான கட்டம் திரையில் காலியாகவே கிடக்க வேண்டும்.

நம் குளியாளின் குணம் 'இன்னும் ஒரு கை'. மேலே வா என்று மச்சான் கயிற்றைச் சுண்டினாலும், கண்ணில் பட்ட கடைசிச் சிப்பியை எடுக்காமல் ஏறமாட்டார். குடும்பம் சாப்பிடுவதே அந்தப் பிடிவாதத்தால்தான்.

குணத்தை ஒரே வினைச்சொல்லில் எழுதிப் பாருங்கள். 'தங்குகிறான்', 'கொடுக்கிறான்', 'மறைக்கிறான்' என்றால் பொத்தான் ஆக்கலாம். 'விரக்தியாக இருக்கிறான்' என்பதைப் பொத்தான் ஆக்க முடியாது.

1964 புயலை வைத்துச் செய்யலாமா? தனுஷ்கோடிதானே எல்லாருக்கும் தெரிந்த சோகம்?

இந்தக் கடற்கரை என்றாலே முதலில் வருகிற யோசனை இதுதான். அதில் இரண்டு சிக்கல்.

ஒன்று, புயல் யாருடைய குணமும் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலையும் ஊரையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. ரயிலில் இருந்த யாரும் தவறு செய்யவில்லை. அதை முடிவாக வைத்தால் அதற்கு முன் ஆடுகிறவர் செய்த அத்தனையும் வீணாகப் போகும். இரண்டு, அந்த இரவில் ஆட்களை இழந்த குடும்பங்கள் இன்றும் ராமேஸ்வரம் தீவில் இருக்கின்றன. அவர்கள் சாவை உங்கள் நாயகனின் கண்ணீருக்குப் பின்னணியாக வைப்பது நன்றாக இராது.

செய்தே தீருவோம் என்றால் புயலைக் கதையின் நடுவில் வையுங்கள். ஒருவன் அந்த இரவில் யாரை விட்டுவிட்டு வந்தான், அதை அடுத்த இருபது வருடம் எப்படி மறைத்தான் என்பதில் துன்பியலுக்கு இடமிருக்கிறது.

கயிறு உதாரணத்தை முழுசாகச் சொல்லுங்கள். கேமாக எப்படி ஓடும்?

முத்துக்குளிப்பில் கயிறு மச்சான் கையில்தான் இருக்கும், தங்கச்சி தாலியை நினைத்தாவது விடமாட்டான் என்று கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. 'மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம்' என்ற பழமொழியையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். கேமின் முதுகெலும்பு இந்தக் கயிறு.

மொத்தம் 12 நாள், நாளுக்கு 8 முழுக்கு. ஒரு முழுக்கு நிஜ நேரத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம். படகிலும் கரையிலும் நடப்பதைச் சேர்த்தால் ஒரு நாள் 20 நிமிடம் ஓடும், 12 நாளுக்கு 4 மணி நேரம். ஆழம் 5 பாகத்தில் தொடங்கி 8 பாகம் வரை. ஒரு பாகம் சுமார் 6 அடி.

இறங்கிய 40-ஆவது நொடியில் மச்சான் கயிற்றை ஒரு முறை சுண்டுவார். உடனே ஏறினால் பையில் இருப்பதுதான் கூலி. ஏறாமல் தங்கினால் ஒவ்வொரு 3 நொடிக்கும் ஒரு சிப்பி கூடுதல். இந்தத் தாமதத்தை, அதாவது சுண்டியதற்கும் ஏறியதற்கும் இடையிலான நொடிகளை, ஒவ்வொரு முழுக்கிலும் சத்தமில்லாமல் பதிந்து வையுங்கள். திரையில் காட்டவே கூடாது.

9-ஆம் நாள் நாயகனுக்குச் சளி. முன்பணம் வாங்கிய கடன் கழுத்தில் நிற்பதால் இறங்குகிறார். மூக்கடைப்போடு இறங்கினால் காதுக்குள் அழுத்தம் சமப்படாது, 2 அல்லது 3 மீட்டரிலேயே வலி தொடங்கிவிடும், வலியை மீறிப் போனால் செவிப்பறை கிழியும். கிழிகிறது. இனி அவர் இறங்க முடியாது. மச்சானின் 17 வயது மகன் இறங்க வருகிறான். அவன் நாயகனை 'மாமா' என்பான். 10-ஆம் நாளிலிருந்து கயிறு உங்கள் கையில்.

பதிந்து வைத்தது இங்கேதான் வெளியே வரும். நீங்கள் கயிற்றைச் சுண்டியபின் பையன் எத்தனை நொடி கழித்து ஏறுவான்? உங்கள் கடைசி 30 முழுக்கின் சராசரித் தாமதம், அதோடு 2 நொடி. இளவட்டம் இல்லையா, மாமாவை விட ஒரு படி மேலே போகத்தான் பார்ப்பான். 8 பாகத்தில் அவனுடைய எல்லை 52 நொடி, அதாவது சுண்டும் 40-உம், அதோடு 10-உம் 2-உம். நீங்கள் சராசரியாக 10 நொடிக்கு மேல் தங்கியவர் என்றால் 12-ஆம் நாள் அவன் எல்லையைத் தாண்டுவான்.

நல்ல பிள்ளையாக ஒவ்வொரு முறையும் உடனே ஏறிய ஆட்டக்காரர் என்ன ஆவார்?

அவருக்குக் கூலி போதாது, கடன் அடையாது. கடனை அடைக்கப் பையன் நாளுக்கு 8 முழுக்குக்குப் பதில் 11 இறங்குவான். இடையில் மூச்சு வாங்கும் நேரம் சுருங்கும். மூச்சுப்பிடித்து முழுகுவோர் நீருக்குள் இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வெடுக்க வேண்டும். அது பாதியாகும்போது உடல் கைவிடும். முடிவு ஒன்றுதான், காரணம் வேறு. பிடிவாதக்காரருக்குப் பையன் மாமாவைப் பார்த்துக் கெட்டான். பயந்தவருக்குப் பையன் மாமாவின் கடனால் கெட்டான்.

நடுவில் தப்பிக்கும் வழி ஒன்று வைக்கலாமா என்பதில் எல்லாரும் ஒத்துப்போக மாட்டார்கள். எங்கள் கருத்து, வேண்டாம். வைத்தால் ஒரே வாரத்தில் யாராவது 'சராசரி 7 நொடி வைங்க, பையன் பிழைச்சுருவான்' என்று வீடியோ போட்டுவிடுவார்கள். துன்பியல் கணக்குப் புதிராகிவிடும்.

வேறு வழியே இல்லாமல் ஆக்கிவிட்டு ஆடுகிறவரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமா?

2012-இல் வந்த ஸ்பெக் ஆப்ஸ்: த லைன் கேமின் மீது இதே புகார் உண்டு. வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டை வீசியே ஆக வேண்டும், வேறு வழி கேமில் இல்லை, வீசியபின் குற்றம் உன்மேல் என்கிறது. பாதிப் பேர் உடைந்துபோனார்கள். மீதிப் பேர் 'நீதானே பொத்தானைக் கொடுத்தாய்' என்று கோபப்பட்டார்கள். ஒற்றைத் தருணத்தில் கட்டாயப்படுத்தினால் இந்தக் கோபம் வரும். நான்கு மணி நேரப் பழக்கத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் காட்டினால் அவ்வளவு வருவதில்லை, அந்தப் பழக்கம் ஆடுகிறவர் தானாகச் சேர்த்தது.

மூச்சுத் திணறல் உண்மைக்கு நெருக்கமாக இருக்க வேண்டுமா?

இருந்தால் கதைக்கே லாபம். பெரும்பாலான கேம்களில் ஆழத்தில் மூச்சு மீட்டர் சிவந்து அங்கேயே சாகிறார்கள். நிஜத்தில் ஆபத்து மேலே ஏறும்போதுதான் அதிகம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தம் இருக்கும்வரை நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்ஸிஜனும் இரத்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஏற ஏற அழுத்தம் குறைந்து, கடைசிச் சில மீட்டரில் ஆக்ஸிஜன் சட்டென்று போதாமல் போகும். வெளிச்சம் தெரிகிற இடத்தில், கை நீட்டினால் படகு என்கிற தூரத்தில், நினைவு தப்பும். முழுகும்முன் வேகவேகமாக மூச்சிழுத்தால் இன்னும் மோசம். கரியமில வாயு குறைந்து, மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பே தாமதமாக வரும்.

அதனால் பையன் ஏறுகிற காட்சியை இப்படி அமையுங்கள். 8 பாகம், ஒரு கைப்பிடிக்கு அரைப் பாகம், ஆக 16 இழுப்பு. இடது பொத்தான், வலது பொத்தான் மாறி மாறி. போனில் இரண்டு கட்டைவிரலால் கீழ்நோக்கித் தேய்ப்பது. அவனும் காலை உதைத்து ஏறுவதால் கயிறு இலேசாக, தளர்வாக வரும். வந்துவிட்டான் என்று மனசு நிம்மதியாகும். 12-ஆவது இழுப்பில், இன்னும் 2 பாகம் இருக்கும்போது, கயிறு கனக்கும். வேறு எதையும் காட்ட வேண்டாம், கேமரா படகை விட்டு இறங்கவும் வேண்டாம். மிச்சம் 4 இழுப்பையும் ஒவ்வொன்றாக ஒரு நொடி அழுத்திப் பிடித்தால்தான் கயிறு நகரும்.

இந்தக் காட்சியை வீடியோவாகவே போட்டுவிட்டால் வேலை மிச்சமில்லையா?

வேலை மிச்சம்தான். ஆனால் ஆடுகிறவர் போனைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். 2010-இல் வந்த ஹேலோ: ரீச் கடைசியில் 'பிழைத்திரு' என்ற ஒரே கட்டளையைக் கொடுத்து, பிழைக்கவே முடியாத சண்டையில் விட்டுவிடும். கட்டுப்பாடு கடைசிவரை உங்கள் கையில் இருக்கும், தலைக்கவசக் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டுக்கொண்டே போகும்.

2013-இல் வந்த பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ் இன்னும் நுட்பம். கன்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் தம்பி. அண்ணன் செத்தபின், தண்ணீருக்குப் பயந்த தம்பி நீந்த வேண்டிய இடத்தில் வலப்பக்கத்தை மட்டும் அழுத்தினால் போதாது. அண்ணனுடைய பொத்தானை அழுத்தினால்தான் நீந்துவான். நமக்குப் புரிகிற மொழியில் ஒரு வசனம்கூட இல்லை.

சாகப் போகிறான் என்று தெரிந்தால் பழைய சேவுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்கு, திரும்பிவிடுவார்களே?

திரும்பத்தான் செய்வார்கள். விதைத்ததற்கும் அறுப்பதற்கும் இடைவெளியை நீட்டினால் திரும்புவதில் பயனில்லை. 2018-இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் நாயகன் ஆர்தர் மார்கன் கடன் வசூலிக்கப் போன இடத்தில் ஒரு நோயாளியை அடிக்கிறார், அவர் இருமிய இரத்தம் முகத்தில் தெறிக்கிறது. அது இரண்டாம் அத்தியாயம். ஆர்தருக்கும் காசநோய் என்று தெரியவருவது ஆறாம் அத்தியாயம். அதற்குள் பல பத்து மணி நேரம் போயிருக்கும். நம் கேமில் சராசரி 30 முழுக்கில் பரவியிருப்பதால் ஒரு சேவ் ஃபைலை மாற்றி எதையும் திருத்த முடியாது. நாள் முடிவில் மட்டும் தானாகச் சேவ் ஆகட்டும், ஒரே சேவ் இடம் போதும். கைபேசியில் அழைப்பு வந்து கேம் பின்னால் போகும்போது நடுமுழுக்கில் நின்றதைச் சரியாக மீட்டுங்கள். இல்லாவிட்டால் ஆடுகிறவருக்குக் கேம் மேல்தான் ஆத்திரம் வரும், சோகம் வராது.

உருவம் எப்படி இருக்க வேண்டும்?

முதலில் நிழலுருவம். 64 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கிக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். மச்சானிலிருந்து நாயகனைப் பிரித்தறிய முடியாவிட்டால் உருவம் தேறவில்லை. கயிற்றுக்காரர் அகன்ற தோள், ஊன்றிய கால். குளியாள் மெலிந்த உடம்பு, விரிந்த நெஞ்சு, இடுப்பில் தொங்கும் பை.

முகத்தில் சோகம் எழுதாதீர்கள். முதல் நாளில் அவர் சிரிக்கிற ஆளாக இருக்கட்டும். வீழ்ச்சி உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியட்டும். 2005-இல் வந்த ஷேடோ ஆஃப் த கொலோசஸில் 16 பெரும் உருவங்களை ஒவ்வொன்றாக வீழ்த்த வீழ்த்த நாயகனின் தோல் வெளிறும், முடி கறுக்கும், கடைசியில் கொம்பு முளைக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். நம் ஆளுக்கு 4 படிநிலை போதும்: கண் சிவப்பு கூடுவது, உள்ளங்கையில் கயிற்றுத் தடம், உதட்டில் வெடிப்பு, 9-ஆம் நாளுக்குப் பின் கேட்கும் காதைப் பேசுகிறவர் பக்கம் திருப்பி நிற்பது. கடைசியதைச் செய்யப் புது மாடல் வேண்டாம், நிற்கும் அனிமேஷனில் கழுத்து எலும்பை 15 டிகிரி திருப்பினால் ஆயிற்று. 2டி என்றால் சும்மா நிற்பதற்கு 6 ஃபிரேம் (அசைவின் தனித்தனிப் படம்), நடைக்கு 8. மலிவு போனிலும் ஓடவேண்டிய 3டி என்றால் உருவத்தை ஆக்கும் முக்கோணங்களை 10,000-க்குள் நிறுத்துங்கள், அதில் கைகளுக்குத் தாராளமாக ஒதுக்குங்கள். இந்தக் கேமில் திரையை அதிகம் நிறைப்பது கைதான்.

பேச்சு?

கீழக்கரை முஸ்லிம் குடும்பம் என்று முடிவு செய்தால் பையன் தன் தகப்பனாரை 'வாப்பா' என்பான், தாயை 'உம்மா' என்பான், மூத்தவனைக் 'காக்கா' என்பான். நடுவில் ஒரு 'அப்பா' விழுந்தால் ஊர்க்காரர் சிரித்துவிடுவார். கதையைத் தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கோ தீவின் இந்துக் குடும்பத்துக்கோ மாற்றினால் உறவுச்சொல் பட்டியலையே மாற்றுங்கள். கடலுக்கு இறங்குகிறவன் 'போறேன்' என்று சொல்லமாட்டான், 'போயிட்டு வாரேன்' என்பான். கடைசி நாளிலும் பையன் அதையேதான் சொல்ல வேண்டும், குரலில் துளி மாற்றம் இல்லாமல். எழுதுகிறவருக்கு அந்த இடத்தில் கனமாக ஒரு வரி சேர்க்கக் கை அரிக்கும். சேர்க்காதீர்கள்.

காலம், இடத்தில் பொதுவாக எங்கே தவறுகிறார்கள்?

பாம்பனில். 1950-களில் நடக்கும் கதையில் பின்னணியில் சாலைப்பாலம் நிற்கிறது. அது திறந்தது 1988. அந்தக் காலத்தில் இருந்தது 1914-இல் திறந்த, கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து தூக்கும் ரயில் பாலம் மட்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி செங்குத்தாக மேலே போகும். இணையத்தில் கிடைக்கும் படத்தைப் பார்த்து வரைந்தால் இரண்டும் கலந்துவிடும். நீர்க்கண்ணாடி, காலில் கட்டும் தட்டு, நைலான் பை இவை நம் குளியாளுக்கு வேண்டாம், அவருக்குக் கல்லும் கயிறும்தான். இன்றைய கதை என்றால் அப்படியே தலைகீழ், கல்லையும் கயிற்றையும் எடுத்துவிடுங்கள்.

கடலிலும் பார்க்க வேண்டும். தீவின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்கே அலை, தெற்கே அமைதி. தென்மேற்குக் காற்றில் மாறிவிடும். தெற்கே குளிப்பதைக் காட்டும் காட்சிக்கு வாடைக்காலம் வைத்தால் நீர் தெளிவாக இருப்பதும் பொருந்தும்.

நாயகியாக ஒரு பெண்ணை வைக்கலாமா?

தாராளமாக. கடற்பாசி எடுக்கும் பெண்களை வைத்தால் வேறொரு கேமே கிடைக்கும். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் தட்டுக் கட்டிக் கூட்டமாகத்தான் போவார்கள், தனியாகப் போவதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே பாசி எடுக்கக் கட்டுப்பாடு உண்டு. 'யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டாள்' என்ற ஒரு குணம் போதும், பொத்தான் தானாகக் கிடைத்துவிடும்.

ஒலியும் அதிர்வும்?

நீருக்குள் இசை வேண்டாம். இதயத்துடிப்பு மட்டும், அதுவும் நேரம் கூடக் கூட வேகமாகாமல் மெல்ல மந்தமாகட்டும், மூச்சுப்பிடித்து முழுகும்போது உடம்பில் நடப்பது அதுதான். கயிற்றுச் சுண்டலுக்கு அதிர்வு முக்கியம். மலிவு போன்களில் அதிர்வின் பலத்தை மாற்ற முடியாது, நீளத்தைத்தான் மாற்றலாம். சுண்டலுக்கு 80 மில்லிநொடி, கயிறு கனக்கும்போது விடாத அதிர்வு. அதிர்வை அணைத்து வைத்திருப்பவர்களுக்காகத் திரையோரத்தில் கயிறு துடிப்பதையும் காட்டிவிடுங்கள். கடற்கரையில் பதியப் போனால் மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோம உறை இல்லாமல் போகாதீர்கள், வாடைக்காற்றில் கிடைப்பது வெறும் இரைச்சல்தான்.

வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

8 முதல் 10 பேர் போதும், கதையை முன்பே கேட்டவர்கள் வேண்டாம். முடித்ததும் 'பிடித்ததா' என்று கேட்காதீர்கள், 'யார் தப்பு?' என்று மட்டும் கேளுங்கள். 'கேம் ஏமாத்திருச்சு' என்று பலர் சொன்னால் தாமதத்துக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு தெரியவில்லை. 11-ஆம் நாள் பையன் சிரித்துக்கொண்டே 'மாமா மாதிரி இருந்தேன்ல?' என்று கேட்கும் ஒரு வரி வைத்தால் பெரும்பாலும் சரியாகும். 'கடன் கொடுத்தவன் தப்பு' என்றால் கடன் கொடுத்தவரை வில்லனாக வரைந்துவிட்டீர்கள், அவருடைய வசனத்தைக் குறையுங்கள். யாராவது பதில் சொல்லாமல் 'நான் எவ்வளவு நேரம் தங்கினேன்?' என்று திருப்பிக் கேட்டால் கேம் தயார்.

முடிந்தபின் மெயின் மெனுவில் என்ன காட்டுவது?

2010-இல் வந்த நியர் தன் கடைசி முடிவில் ஆடுகிறவருடைய சேவ் ஃபைலையே அழித்துவிடும். அதைப் பார்த்துப் பலர் செய்துபார்த்திருக்கிறார்கள், காரணமில்லாமல் செய்தால் வெறும் வித்தை. நம் கேமுக்கு இவ்வளவு போதும்: கடைசி இழுப்புக்குப் பின் படகு கரைக்குத் திரும்பும் 3 நிமிடமும் கட்டுப்பாடு ஆடுகிறவர் கையில் இருக்கட்டும். நனைந்த கயிற்றைச் சுருட்டி வைக்க மட்டும் ஒரு பொத்தான். சுருட்டினால் சுருட்டட்டும், விட்டால் அப்படியே கிடக்கட்டும். அவர் எப்படி விட்டாரோ அதே நிலையில் அந்தக் கயிறு மெயின் மெனுவில் கிடக்கும்.